மேல்பாதி மேக்கணக்குக்கு

மாலை நாலரைக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியபோது என் மகள் வீட்டில் இல்லை. எல்லாம் அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது. இன்றைக்கும் அந்தச் சங்கு ஊதினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவள் எங்கே என்று தேடுகிறேன். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. "இங்கதாம்மா இருக்கேன். சங்குதான் ஊதுது" என்பாள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

இதற்கெல்லாம் காரணமான மனிதரைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை வரையுள்ள கறையான்களும் கூரை ஒழுக்குகளும் சேர்ந்து நாசமாக்கிய புத்தகங்களைவிட, அவர் ஒருவர் நாசமாக்கிய புத்தகங்கள் அதிகம். கறையானாவது பசிக்குத் தின்கிறது. இவர் கத்திரிக்கோலால், சாக்கட்டியில் கோடு போட்டு, அளவெடுத்து வெட்டினார்.

அவரை எங்கள் தேயிலைத் தோட்டமே 'அரைப்பேர் டைலர்' என்று அழைத்தது. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று கணக்கு. சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுக்காதவர்களுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். தைத்த துணியைப் பாதி பாதியாகக் கொடுப்பதால்தான் டைலருக்கு இந்தப் பெயர் வந்தது என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. தீபாவளிக்குக் கொடுத்த துணி பொங்கலுக்குத்தான் வரும். முன்யோசனை உள்ளவர்கள் முந்தின தீபாவளிக்கே கொடுத்துவைப்பார்கள்.

"என்னய்யா டைலரே, சட்டையில ஒரு கைதான் இருக்கு?" என்று கேட்டால், "இன்னொரு கைய எடுத்துக்கிட்டு நான் என்ன ஊரவிட்டா ஓடப்போறேன்?" என்று கோபித்துக்கொள்வார்.

தோட்டக் கடையின் ஓரத்தில், அரிசி மூட்டைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் அவருடைய தையல் மிஷின் இருந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி வாசம் என்றால் கருவாட்டு வாசம்தான். நூல் வாங்க டவுனுக்குப் போகும்போதெல்லாம் பழைய பேப்பர் கடையில் புகுந்து, பொட்டலம் மடிக்கக் கிடக்கும் கதைப் புத்தகங்களை நிறுத்து வாங்கிவருவார். நூலை மறந்துவிட்டு வருவதும் உண்டு.

முதல் புத்தகம் வந்த அன்றே சண்டையும் வந்தது. எங்கள் தோட்டம் இரண்டு பிரிவு. ஆற்றுக்கு மேலே இருப்பது மேக்கணக்கு, கீழே இருப்பது கீழ்க்கணக்கு. திருவிழாவில் சாமி முதலில் எந்தக் கணக்குக்குப் போகவேண்டும் என்ற தகராறில் சாமி சில வருஷம் கோயிலைவிட்டு வெளியே வராமலே இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு புத்தகம். மேக்கணக்குப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு ஓட, கீழ்க்கணக்குப் பிள்ளைகளின் தகப்பன்மார் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

டைலருக்கு உலகத்தில் எந்தத் தகராறுக்கும் ஒரே தீர்வுதான். புத்தகத்தைத் திருப்பி வாங்கி, மேசையில் வைத்து, நடுவில் வெட்டினார். மிச்சக் காக்கித் துணியில் இரண்டுக்கும் அட்டை போட்டுத் தைத்தார். "மேப்பாதி மேக்கணக்குக்கு. கீழ்ப்பாதி கீழ்க்கணக்குக்கு. ஞாயித்துக்கெழம இங்க வந்து மாத்திக்கங்க. இதுக்குமேல சண்டை போட்டீங்க, நாலா வெட்டிருவேன்." வந்தவர்களுக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை வாசலே ஒரு பெரட்டுக் களம்போல் இருக்கும். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டு, அதே மிரட்டலோடு. ஒவ்வொரு பிள்ளையாக மிஷின் முன்னால் வந்து தான் படித்ததைச் சொல்லவேண்டும். கதை நன்றாகப் போனால் மிஷின் நின்றுவிடும். படிக்காமல் அளந்துவிட்டால் மிஷின் தடதடவென்று ஓடும். ஒரு பாதியை மட்டும் படித்தவர்களுக்கு, "அரைப்பேரு! அடுத்த ஆளு!" இரண்டு பாதியையும் படித்தவர்களுக்கு, "முழுப்பேரு!" முழுப்பேர் வாங்கிய பிள்ளையின் சட்டையிலோ காற்சட்டையிலோ அங்கேயே ஒரு பை தைத்துக் கொடுப்பார். பெயருக்கும், தீபாவளித் துணி பொங்கலுக்கு வந்ததற்கும் காரணம் இதுதான்.

அந்தப் பைக்கு எங்கள் தோட்டத்தில் இருந்த மதிப்பைச் சொல்லி முடியாது. மாரிமுத்து என்று ஒரு பயல். அவனுடைய காற்சட்டையில் பையைத் தவிர வேறு துணியே தெரியாது. "டைலரே, எம்மவனுக்கு இனிமே புத்தகம் குடுக்காதீங்க. தொவைக்கப் போட்டா உள்ளருந்து தவளை குதிக்குது" என்று அவன் தாய் வந்து கும்பிட்டாள். "எந்தப் பையிலருந்து குதிச்சிச்சு?" என்று கேட்டார் டைலர். "முதுகுப் பக்கத்துப் பைங்க." டைலர் யோசித்தார். "அது நல்ல கதை. அந்தப் பைய பிரிக்க முடியாது."

தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இதனால் வந்த கஷ்டம் வேறு. ஒருநாள் பள்ளிக்கூடம் பார்க்க வந்த கல்வி அதிகாரி, "யாராவது ஒரு கதை சொல்லுங்கள் பார்ப்போம்" என்றாராம். கீழ்க்கணக்குப் பையன் எழுந்து, "அப்புறம் ராசா செத்துப்போயிட்டாருங்க" என்று தொடங்கினான். எந்த ராஜா என்று கேட்டதற்கு, "அது மேக்கணக்குல இருக்குங்க" என்றான். மேக்கணக்குப் பெண் ஒருத்தி அழகாகக் கதை சொல்லிக்கொண்டே போய், புலி பாயும் நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பிறகு?" என்றார் அதிகாரி. "கீழ போய்க் கேக்கணும் சார்." அதிகாரி, இந்தப் பிள்ளைகளுக்கு மலேரியா ஏதும் கண்டதா என்று விசாரித்துவிட்டுப் போனதாக வாத்தியார் என்னிடம் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெட்டும்போது கழன்று விழும் உதிரித் தாள்களை டைலர் வீணாக்கமாட்டார். கோட்டுக் காலர் விறைப்பாக நிற்பதற்கு உள்ளே வைத்துத் தைத்துவிடுவார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் மருந்தையா தலையைத் திருப்பும்போதெல்லாம் கழுத்தில் ஏதோ சரசரத்தது. எலும்பு தேய்ந்துவிட்டது என்று பயந்து தனக்குத்தானே எண்ணெய் தடவிக்கொண்டார். கோட்டைச் சலவைக்குப் போட்ட பிறகுதான் காலருக்குள்ளிருந்து ஒரு கரடியும் மரமேறும் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

இதெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நடந்தவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் கணவர் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். உத்தியோகத்தர் குடியிருப்பில் வீடு. கல்யாணத்துக்கு முன் நான் ஆசிரியையாக இருந்தவள். ஆகவே என் ஒரே மகள் வசந்தா ஒன்பது வயதாகியும் ஒரு கதைப் புத்தகத்தை முழுதாகப் படித்ததில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. டவுனுக்குப் போகும்போதெல்லாம் புத்தகம் வாங்கினேன். கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். படிக்க வேண்டுமென்றால் கை கழுவி, துடைத்து, மேசையில் வைத்துப் படிக்கவேண்டும். அவள் கை கழுவுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

தீபாவளி ரவிக்கைக்கு அளவுச் சட்டை வாங்கிப்போக வந்த டைலர் அந்த அலுமாரியைப் பார்த்துவிட்டார்.

"என்னங்கம்மா, இம்புட்டுப் பேரையும் உள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க? என்ன குத்தம் செஞ்சாங்க?"

மரியாதைக்காக ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தருவார் என்று நினைத்தேன். மறுவாரம் கொண்டுவந்து தந்தார். காக்கி அட்டை, நேர்த்தியான தையல், பாதிப் புத்தகம்.

"டைலர், இது என்ன?"

"உங்க புத்தகந்தாங்கம்மா."

"மீதி எங்கே?"

"நீங்க மேக்கணக்குல்ல? மீதி கீழ இருக்குங்க. பயப்படாதீங்க, நல்ல எடத்துலதான் குடுத்திருக்கேன். லெட்சுமின்னு ஒரு புள்ள. எச்சி தொட்டுக்கூடப் பொரட்டாது."

என் கணவர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வசந்தா அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனாள். ஏற்கனவே பாழாய்ப்போன புத்தகம் ஆயிற்றே, கை கழுவச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. இரண்டே நாளில் படித்து முடித்தாள். திரும்பவும் படித்தாள்.

ஒரு பாய்க்கப்பலில் ஒளிந்துகொண்டு ஊரைவிட்டுப் போகும் அண்ணன் தங்கை கதை அது. இருவரும் ஒரு பீப்பாய்க்குள் பதுங்கியிருக்கிறார்கள். இரவில் அழுகைச் சத்தம் கேட்டுக் கப்பல் தலைவன் வருகிறான். மேல்பாதியின் கடைசி வரி இதுதான்: 'தலைவன் பீப்பாயின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே'. அவ்வளவுதான்.

மற்றப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் மாற்றிக்கொள்வார்கள். உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளையைக் கடை வாசலுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. வசந்தா படிப்பதும் டவுன் பள்ளிக்கூடத்தில். ஆகவே இரண்டு பாதிகளுக்கும் நடுவே எங்களுக்குப் பால் ஊற்றும் கிழவர் தூது போனார். கீழ்க்கணக்கிலிருந்து மலையேறி வரும் வழியெல்லாம் செய்தியை மனப்பாடம் செய்துகொண்டே வருவார்.

"பாப்பா, லெட்சுமி சொல்லிவிட்டுச்சு. அதோட பாதி, 'அழுதுகொண்டிருந்தது', இப்படித்தான் ஆரம்பிக்குதாம்" என்றார் ஒருநாள், பாலைக் கொஞ்சம் சிந்தியபடி.

அன்று ராத்திரி வசந்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அம்மா, அண்ணனும் தங்கச்சியுந்தானே பீப்பாய்க்குள்ள இருக்காங்க. அப்படின்னா 'அழுதுகொண்டிருந்தார்கள்'னுதானே வரணும்? ஏன் 'இருந்தது'ன்னு வருது?"

என் மகள் இலக்கணத்தில் கேட்ட முதல் கேள்வி. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். "அச்சுப்பிழையா இருக்கும். சாப்பிடு" என்றேன்.

"அச்சுப்பிழைக்கு யாராவது அழுவாங்களா?" என்றாள் அவள்.

பீப்பாய்க்குள் என்ன இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். இங்கே சொல்லப்போவதில்லை. டைலர் சட்டப்படி, இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கு அரைப்பேர்தான்.

சங்கு ஊதிய அந்த மாலைக்கு வருகிறேன். வசந்தா பஸ்ஸில் வந்து இறங்கி, உடுப்பு மாற்றியதைப் பார்த்தேன். குசினியில் தேநீர் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். சங்கு ஊதி ஓய்ந்தது. தேநீர் ஆறியது. பள்ளிக்கூடப் பை நாற்காலியில் இருந்தது. பாதிப் புத்தகம் இல்லை. டிக்கோயாப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீடுகளில் கேட்டேன். கொய்யா மரத்தடியில் பார்த்தேன். தொழிற்சாலைக்கு ஓடினேன். என் கணவர் ஓடுகிற மிஷினைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். எங்கள் பதினோரு வருஷ வாழ்க்கையில் அவர் அப்படி வந்தது அதுவே முதல் தடவை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் முற்றியது.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கு, உடம்பெல்லாம் மழை. கீழ்க்கணக்கிலிருந்து ஏறி வந்திருக்கிறாள்.

"அம்மா, எம்மவ லெட்சுமி இங்க வந்துச்சுங்களா?"

"உன் மகளையும் காணவில்லையா?"

"மலையிலருந்து எறங்கிப் பாத்தா லயத்துல இல்லீங்க. அந்தப் பாதிப் புத்தகத்தையும் காணோம். நாலு நாளா ஒழுங்கா சோறு திங்கலீங்க. 'அழுதுகொண்டிருந்தது, அழுதுகொண்டிருந்தது'ன்னே பொலம்பிக்கிட்டுக் கெடந்துச்சு. எதுடி அழுதுச்சுன்னு கேட்டா, தெரியாதும்மாங்குது. காத்துக் கருப்பு அண்டிருச்சோன்னு பயந்தே போயிட்டேன்."

எனக்குப் புரிந்தது. இருவரும் மீதிப் பாதியைத் தேடிக் கிளம்பியிருக்கிறார்கள். இரண்டு கணக்குக்கும் நடுவில் இருப்பது ஆறும் ஒரு மரப்பாலமும். மழை பெய்தால் அந்தப் பாலத்துக்கு மேலேயே தண்ணீர் ஓடும்.

செய்தி பரவிப் பெரிய கங்காணி வந்தார். பெரிய கங்காணி என்ற பதவிக்கு அதிகாரம் குறைந்துவிட்ட காலம் அது. அவருடைய கோட்டு மட்டும் குறையவில்லை. அன்று போட்டிருந்தது புதுக்கோட்டு, டைலர் தைத்து முந்தின வாரம்தான் வந்தது. காலர் பலகைபோல் விறைத்திருந்ததால் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க, தேர் திரும்புவதுபோல் முழு ஆளாகத் திரும்பினார்.

"ஆம்பளைங்க எல்லாரும் ஆத்துக்குப் போங்கடா! கயிறு கொண்டுபோங்க! அந்த அரைப்பேர் எங்க? அவன இழுத்துட்டு வாங்க!"

போனவன் திரும்பி ஓடிவந்தான். "கடையில இல்லீங்கய்யா. மிஷின் சும்மா கெடக்கு. கொடையும் இல்ல."

"ஓடிட்டான் பய!" என்றார் கங்காணி. "தோலை உரிச்சு அதுல நாலு பை தைக்கிறேன்."

என் கணவர் கயிற்றோடு ஆற்றுக்குப் போனார். பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் கூடினார்கள். லெட்சுமியின் தாய் படிக்குக் கீழேயே மழையில் நின்றாள். எப்போது அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தேன் என்பது எனக்கு நினைவில்லை. அவள் கையில் கொழுந்துக் கறை கறுத்திருந்தது. அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டத் தொடங்கியபோது ஒருவர் ஆற்றிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். பாலத்துக்குக் கீழே பாறையில் ஒட்டிக்கிடந்ததாம். வசந்தா தன் பாதிக்குப் போட்டிருந்த பழுப்பு நிற உறை. மேலே என் கையெழுத்தில் அவள் பெயர். மை கரைந்து, 'வ' மட்டும் தெரிந்தது.

கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

"வெறுந் தாளுதாங்கம்மா" என்றாள் லெட்சுமியின் தாய். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "தாளு மட்டுந்தான். வேற ஒண்ணுமில்ல. வெறுந் தாளு."

அப்போது கீழே பாதையில் ஒரு குடை வந்தது. குடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்ன உருவங்கள், நனைந்தபடி. குடையைப் பிடித்திருந்தவரும் நனைந்துகொண்டுதான் வந்தார். குடைக்குக் கீழே, அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த இரண்டு காக்கி அட்டைகள் மட்டும் நனையவில்லை.

நான் ஓடிப்போய் வசந்தாவைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அடித்தேன் என்று அவள் சொல்கிறாள். கட்டிக்கொண்டேன் என்பது என் ஞாபகம். லெட்சுமியின் தாய் இரண்டையும் செய்ததை நான் பார்த்தேன்.

"உறை காத்துல பறந்து ஆத்துல விழுந்துருச்சும்மா" என்றாள் வசந்தா. அதற்காகத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

ஆற்றுக்கு ஆள் ஓடினான், தேடியவர்களைத் திருப்பி அழைக்க. பெரிய கங்காணி முழு ஆளாக டைலர் பக்கம் திரும்பினார். "அடேய் அரைப்பேரு! தோட்டமே ஆத்துல எறங்கித் தேடுது. புள்ளைங்கள எங்கடா வச்சிருந்த?"

"நான் எங்கய்யா வச்சேன்? பால்காரப் பெரியவர் கடைக்கு வந்து, 'நாலு மணிக்குப் பழைய கொழுந்து மடுவத்துல' அப்படின்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு நின்னாரு. காலையில சொல்லி முடிச்ச தூது, மனசவிட்டுப் போகலையாம். மழை வேற. கொடைய எடுத்துக்கிட்டு ஓடுனேன். ரெண்டும் அந்தக் கொட்டாய்க்குள்ள, கொழுந்து நிறுக்குற மேடையில ஏறி நின்னு சண்டை போடுதுங்க. அது சொல்லுது இது பக்கத்த ஒளிச்சிருச்சுன்னு. இது சொல்லுது அது கிழிச்சிருச்சுன்னு. வெலக்கிவிட்டுக் கூட்டியார்றதுக்குள்ள இருட்டிருச்சு."

"ரெண்டு பாதியும் சேரலம்மா" என்றாள் வசந்தா என் முந்தானைக்குள்ளிருந்து. "என்னோடது நாப்பத்தெட்டாம் பக்கத்துல முடியுது. அவளோடது அம்பத்தொண்ணுல ஆரம்பிக்குது. நடுவுல ஒரு தாள் இல்ல."

டைலர் குடையை மடக்கினார். முதல் தடவையாக அவர் முகத்தில் குற்றவாளிக் களை தெரிந்தது.

"வெட்டுறப்ப நடுத்தாளு கழண்டுக்கிச்சுங்க. மேக்கணக்குக்குக் குடுத்தா கீழ்க்கணக்கு அடிக்க வரும். கீழ்க்கணக்குக்குக் குடுத்தா மேக்கணக்கு அடிக்க வரும். எதுக்கு வம்புன்னு..." அவர் மெதுவாகப் பெரிய கங்காணியைச் சுற்றி வந்து, பின்பக்கம் நின்று, ஈரக் கையால் அந்தக் காலரை ஒரு தட்டுத் தட்டினார். சரசரவென்றது.

"பெரிய கங்காணி ஐயா, கோவிச்சுக்காம கோட்டக் கொஞ்சம் கழட்டுங்க. பீப்பாய்க்குள்ள அழுதது உங்க கழுத்துலதான் இருக்கு."

இரண்டு பிள்ளைகளும் கங்காணியின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கங்காணி, "என்னம்மா சொல்றான் இவன்?" என்று என் பக்கம் முழு ஆளாகத் திரும்பினார்.

கத்திரிக்கோலை எடுத்துவர உள்ளே போனது நான்தான்.